முன் சீட்டில் நான், பின் சீட்டில் நீ

ஆத்தா,

கடிதத்தைப் பிரித்ததுமே எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரிந்துபோயிருக்கும். எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. நான் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போகிறேன், உன் அத்தை மகன் செல்வம் எதிரில் நாற்காலியைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். "நீங்க பேசுறத அப்படியே எழுதுனா படிக்கிறவுகளுக்குப் புரியாது மாமா. நான் புத்தகத்துல வர்ற மாதிரி எழுதிர்றேன், ஆளுக பேசுனத மட்டும் பேசுன மாதிரியே வச்சுக்கிறேன்" என்றான். சரிடா என்றேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஒன்றைத் தொடங்குவதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடும், இல்லையென்றால் எனக்குச் சிக்னல் போய்விடும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மகளோடு உட்கார்ந்து பேச எந்தத் தகப்பனுக்கு வாய்க்கிறது? அதனால் நீ வருவதற்கு முன்பே இதை உன் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

நீ விசிட் விசா எடுத்து அனுப்பியபோது, அப்பா நம்மைப் பார்க்க வருகிறார் என்று நினைத்திருப்பாய். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், ஆனால் சும்மா வரவில்லை. செல்வத்துக்கு உன்னைக் கட்டிக்கொடுப்பதற்கு உன் வாயால் ஒரு சம்மதம் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன். நீ பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் இருந்தே உன் அத்தையும் நானும் பேசிவைத்த பேச்சு அது. மதுரைக்குப் பஸ் ஏறும்போது உன் அத்தை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "பதில் இல்லாமத் திரும்பி வந்துறாத அண்ணே, என் மொகத்துல முழிக்க முடியாது பாத்துக்க" என்றாள். இந்த இடத்தில் செல்வம் பேனாவை நிறுத்திவிட்டான். "எழுதுடா" என்றேன். "எழுதுறேன் மாமா, மை நிக்குது" என்கிறான். பேனாவை உதறுகிறான். மை நன்றாகத்தான் வருகிறது.

நான் வந்து இறங்கி ஒரு வாரம் வரைக்கும் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் நீ குடியிருக்கும் சத்வாவில், உன் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தையல்காரர்கள் கடை திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் ஒருநாள் சொன்னாய், "நீங்க இத்தனை வருசம் வேலை பார்த்த ஊரை நீங்களே பார்த்ததில்லையேப்பா. லீவு நாள்ல பழைய கோட்டை, மியூசியம் எல்லாம் சுத்திக் காட்டுறேன்" என்று. நீ சொன்னது நிஜம். நீ பிறப்பதற்கு முன்னும் பின்னுமாக அந்த அரபுப் பாலையில் குழாய் பதிக்கும் வேலை பார்த்தவன் நான். சைட் தெரியும், கேம்ப் தெரியும், இரண்டுக்கும் நடுவில் பஸ் ஜன்னலில் தெரிந்தது தெரியும். அந்த நாட்டுக்கு என்று ஒரு பழைய கதை இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. நாங்கள் குழி தோண்டுவதற்கு முன் அங்கே மணல்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று விடிந்ததும் கீழே ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. கம்பெனிச் சட்டை, தலையில் தொப்பி, சட்டைப் பையில் ஏதோ எழுத்து. அந்தத் தம்பி இறங்கிவந்து எனக்கு முன் கதவைத் திறந்துவிட்டான். நீ பின்னால் ஏறிக்கொண்டாய். என் காலத்தில் அங்கே வாடகை வண்டி ஓட்டுகிறவன் பக்கத்தில் பொம்பளைப் பிள்ளை உட்காராது. அதனால் இது வாடகை வண்டி, இவன் டிரைவர் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். "என்னப்பா டிரைவர், எந்த ஊரு?" என்றேன். "யாழ்ப்பாணம் ஐயா" என்றான். "அட, தமிழாளா! நல்லதாப் போச்சு. ஹிந்தியில மாரடிக்கணுமேன்னு நெனச்சேன்" என்றேன். பின்னால் இருந்து நீ, "அப்பா, இவரு வந்து…" என்று இழுத்தாய். "தெரியுது ஆத்தா, சட்டையப் பாத்தாலே தெரியலையா" என்றேன். அவன் கண்ணாடியில் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓம் ஐயா, இண்டைக்கு நான்தான் டிரைவர்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான் என்பது இப்போது நினைத்தால் புரிகிறது. அன்று காலை எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவசரமாகப் போய்ச் சரிபண்ணிவிட்டு உடுப்பு மாற்றாமல் வந்திருக்கிறான் என்பதும், அவன் டிரைவர் இல்லை, லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் என்பதும், மியூசியத்துக்குப் போனதும் அவனை எனக்கு முறையாகக் காட்டிவிட வேண்டும் என்று நீ திட்டம் வைத்திருந்ததும் அப்புறம் தெரிந்தது.

உன் திட்டத்தைக் கெடுத்தது என் வாய். ஊர் எல்லை தாண்டுவதற்குள் நான் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்நிய மனிதனிடம் பேசுவது எளிதுதானே. இவள் காதில் விழட்டும், நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இவனிடம் சொல்வது போல் இவளுக்குச் சொல்லிவிடலாம் என்ற கெட்டிக்காரத்தனமும் இருந்தது. "என் தங்கச்சி மகன் இருக்கான் தம்பி, செல்வம்னு. தங்கமான பய. சொந்தமா வேன் ஓட்டுறான். பீடி சிகரெட்டு கெடையாது. பெத்தவளக் கண்கலங்க விட்டதில்ல. அவனுக்கு இவளக் கட்டிக் குடுக்கணும். நீ என்ன சொல்ற?" என்றேன். அவன் ரோட்டைப் பார்த்தபடியே, "நல்ல பெடியன் போலத்தான் கிடக்கு ஐயா" என்றான். "அப்பக் குடுத்துறலாம்ங்கிற?" "அவ என்ன சொல்லுறா?" "அவ எங்க வாயத் தொறக்கிறா!" பின் சீட்டில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

மலீஹா என்ற அந்த இடத்தில் இறங்கியதும் நான் திகைத்து நின்றுவிட்டேன். மியூசியத்துக்கு வெளியே வட்டமாக, வெட்டி இழைத்த கல்லால் கட்டிய ஓர் அடித்தளம். "அட, இது நம்ம தண்ணித் தொட்டியில்ல!" என்று கத்தினேன். நாங்கள் அந்தப் பக்கம் குழாய் பதித்தபோது தூரத்தில் இப்படி ஒரு கல்வட்டம் தெரியும். ஒட்டகத்துக்கு யாரோ கட்டிய தொட்டி என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அவன்தான் பலகையைப் படித்துச் சொன்னான், "தொட்டி இல்லை ஐயா, இது கல்லறை. சில ஆயிரம் வருசத்துக்கு முந்தினது. ஒரு ஊர்ச் சனத்தையே ஒண்டா இதுக்குள்ள வச்சிருக்கினம்." ஒரு ஆளுக்கு ஒரு குழி என்று இல்லையாம். ஆள் போகப் போகக் கதவைத் திறந்து உள்ளே வைப்பார்களாம். இடம் போதாதபோது பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கி, புதிதாக வந்தவருக்கு இடம் பண்ணுவார்களாம். "வெளியில எடுத்துப் போட மாட்டாங்களா?" என்றேன். "ஒதுக்கி வைக்கிறது மட்டும்தான் எண்டு எழுதிக்கிடக்கு ஐயா." யாரையும் வெளியே போடாமல், ஒதுங்கி ஒதுங்கி இடம் கொடுத்த சனம். என்ன ஒரு மனது என்று அந்தக் கல்லைத் தொட ஆசையாக இருந்தது, கயிறு கட்டியிருந்ததால் தொடவில்லை.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகள். நீ நாலு பெட்டியை ஒரு பார்வையில் முடித்துவிட்டு, "பழைய பானைப்பா, பழைய பாசிமணிப்பா" என்று போய்க்கொண்டே இருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அன்று உனக்கு மனது எங்கே அதில் இருந்தது. நான் விடவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் நின்று, "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அவனும் ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்து, தமிழில் சொன்னான். ஒரு இடத்தில்கூட "அதொண்டுமில்லை ஐயா" என்று தாண்டவில்லை. குதிரையையும் ஒட்டகத்தையும் எசமானோடு சேர்த்துப் புதைத்தார்களாம், ஒரு குதிரைக்குத் தங்கம் வைத்த கடிவாளம். "உசிரோடயா பொதச்சாங்க?" "அது இதில எழுதேல்ல ஐயா." "சும்மா ஒரு கதையச் சொல்ல வேண்டியதுதான, எனக்கு என்ன தெரியவா போகுது?" "வாசிக்கச் சொல்லித்தானே கேட்டனீங்கள்" என்றான். இன்னொரு பெட்டியில் சிவப்பு மணி கோத்த மாலை. அந்த மணி இந்தியாவில் இருந்து போனதாம். "பாத்தியா, அப்பவே நம்மாளு இங்க வந்துட்டான். எந்த விசாவுல வந்தானோ!" என்றேன். காவலுக்கு நின்ற மலையாளத்துப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த இடத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது, ஆத்தா. எத்தனையோ ஆபீஸில், எத்தனையோ பேரிடம் காகிதத்தை நீட்டி நின்றவன் நான். படித்துச் சொல்கிறவன் முகத்தில் எரிச்சலோ இளக்காரமோ வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குப் பழக்கம் உண்டு. அன்று அது வரவே இல்லை.

அங்கிருந்து மலைப் பாதை. மொட்டை மலைகள், வெந்த செங்கல் நிறத்தில். வளைவு தொடங்கியதும் எனக்குப் பதறியது. கொடைக்கானலுக்குப் போன பஸ்ஸில் நீ என் துண்டு முழுக்க வாந்தி எடுத்தது நினைவிருக்கிறதா? பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போக, நீ வாந்தியைவிட அந்த வெட்கத்தில் அழுதாய். மலை வளைவு உனக்கு ஆகாது. "தம்பி, கொஞ்சம் மெதுவா…" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே வேகத்தைக் குறைத்து, பின் ஜன்னலை ஒரு விரல்கடை இறக்கிவிட்டிருந்தான். நல்ல டிரைவர், பழக்கமான கை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் புஜைராவில் கடலோரம் மர நிழலில் பாயை விரித்தாய். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நின்றன. அவன் வண்டியிலேயே இருந்துகொள்கிறேன் என்றான். "என்னய்யா, டிரைவர்னா தனியாத் திங்கணுமா? வந்து உக்காரு" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்காக எண்ணெய்க் கத்தரிக்காய் செய்திருந்தாய். எனக்கு வைத்தாய், அவன் தட்டில் உருளைக்கிழங்கை மட்டும் வைத்தாய். "அந்தத் தம்பிக்கும் கத்தரிக்கா வையி ஆத்தா" என்றேன். நீ யோசிக்காமல், "அவருக்கு ஆகாதுப்பா, நாக்கு அரிக்கும்" என்றாய். சொன்ன பிறகு உன் கரண்டி அப்படியே நின்றது.

நான் காதில் விழாத மாதிரி தலையைக் குனிந்து சாப்பிட்டேன். காலையில் இருந்து நடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்த பார்வை, பின் சீட்டின் அமைதி, இறக்கிவிட்ட ஜன்னல். முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். காலையில் இருந்து என்னைக் கூத்தாடவிட்டு இரண்டு பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறீர்களே என்று. அதற்கு மேல் உன் அத்தை பஸ் ஜன்னலைப் பிடித்த கை கண்ணுக்குள் வந்து நின்றது. சாப்பிட்டபின், கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த மியூசியத்துக்கு முதலில் போனோம்; அங்கே பழைய வாள், காபிக் கெண்டி, படகு என்று என்னென்னவோ வைத்திருந்தார்கள். ஒன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவன்தான், "களைச்சுப் போனீங்களோ ஐயா?" என்று கேட்டான். "வயசாச்சில்ல" என்றேன், மூஞ்சியைப் பார்க்காமல்.

பிறகு கோட்டை. பாறை மேல் மண்ணாலும் கல்லாலும் கட்டி, வெயில் பட்டால் பழுத்த பேரீச்சை நிறத்தில் நிற்கிறது. எந்தக் காலத்துக் கொத்தன் கட்டினானோ, பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீ கீழேயே நின்றுவிட்டாய், நான் மேலே ஏறினேன், அவன் எனக்குப் பின்னால் வந்தான். படி செங்குத்து. முதுகில் வெயில் அடித்ததால் எங்கள் இரண்டு பேர் நிழலும் எனக்கு முன்னால் சுவரில் ஏறியது. அப்போது பார்த்தேன் ஆத்தா, அவன் நிழலின் கை என் முதுகுக்குப் பின்னால் நீட்டியபடி இருந்தது. தொடவில்லை. நான் தடுமாறினால் தாங்கிக்கொள்ளும் தூரத்தில் வைத்திருந்தான். நான் நின்றால் அந்தக் கையும் நின்றது, நான் ஏறினால் அதுவும் ஏறியது. உச்சி வரைக்கும் அப்படியே. நான் திரும்பிப் பார்த்தபோது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கடலைப் பார்த்தான்.

இதைச் சொன்னதும் செல்வம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தான். "அப்பறம் மாமா?" என்று கேட்டு மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறான். செல்வத்தைப் பற்றி அன்று காலையில் டிரைவரிடம் நான் சொன்னதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை என்பதையும் இங்கே எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்றான். எழுத வைத்திருக்கிறேன்.

கடைசியாக அல் பித்யா பள்ளிவாசல். நீ துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாய், நாங்கள் செருப்பைக் கழற்றினோம். சின்ன வீடு அளவுதான், மேலே தயிர்க் கலயங்களைக் கவிழ்த்து வைத்தது போல நாலு கூம்பு. உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு தூண், அது ஒன்றுதான் நாலையும் தாங்குகிறது. எத்தனையோ தலைமுறையாகத் தொழுகை நின்றதில்லையாம். அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டே எனக்கு மனது அடங்கியது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நான் தொடங்கினேன். "டிரைவர் தம்பி, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" "இன்னும் இல்லை ஐயா." "பொண்ணு கிண்ணு பாத்திருக்கா?" அவன் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் நேராகப் பார்த்தான். "பாத்திருக்கு ஐயா. பொம்பிளையின்ர தகப்பன்தான் கொஞ்சம்…" "கொஞ்சம் என்ன?" "நிறையக் கதைக்கிறார்."

நான் சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த காவல்காரர் எட்டிப்பார்த்தார். உனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு, "அப்பா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்…" என்று ஆரம்பித்தாய். "கலாஸ், அது போதும் ஆத்தா" என்றேன். நேராக வண்டிக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். "என்னப்பா, பின்னால ஏறிட்டீங்க?" என்று கேட்டாய். "எனக்குக் கால் நீட்டணும். நீ முன்னால போய் உக்காரு" என்றேன். நீ கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாய்! உட்கார்ந்த பிறகும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் தூங்கவில்லை. மலை வளைவு வந்தபோது வேகம் குறைந்தது, ஜன்னல் இறங்கியது. இந்தத் தடவை முன் ஜன்னல்.

ஊருக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது, "நீங்களாப் பாத்து வரட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். அவளை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். முறைக்காரன் இருக்கும்போது வெளியே கொடுத்தால், அவனிடம் வெற்றிலை வைத்துக் கேட்டுவிட்டுக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், அவன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டால் சம்மதம். தட்டை எடுத்துக்கொண்டு உன் அத்தை வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அந்தக் கல்வட்டம்தான் நினைவு. ஒருவருக்கு இடம் பண்ணும்போது இன்னொருவரை வெளியே தள்ளிவிடக் கூடாதே என்று. நடந்தது அத்தனையும் சொன்னேன், கத்தரிக்காய் உட்பட. உன் அத்தை எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். செல்வம் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம் ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்தான். "டிரைவர் நல்லவரா மாமா?" என்று கேட்டான். "நல்லா ஓட்டுறாருப்பா" என்றேன். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டான். உன் அத்தை அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. போன வாரம் கல்யாணச் சமையலுக்குப் பேச ஆள் வந்தபோதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது. "கத்தரிக்கா திங்காத மாப்பிள்ளைக்குச் சாம்பார்ல என்னத்தப் போடுவீகளாம்? முருங்கைக்கா போடச் சொல்லுங்க."

உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை என்று இப்போது தெரிகிறது. அவருக்கு என்ன ஆகாது என்று உனக்கும், உனக்கு என்ன ஆகாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதை மறக்காமல் இருங்கள், போதும். அப்பா நிறையப் பேசுவார் என்பதையும் மாப்பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சேதி மட்டும். நீங்கள் மதுரையில் வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டுக்கு வேன் கொண்டு வருவது செல்வம்தான். அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வேன் ஓட்டும்போது அவனும் ஒரு காக்கிச் சட்டைதான் போட்டிருப்பான். மாப்பிள்ளை அவனை டிரைவர் என்று நினைத்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவை.

இப்படிக்கு,
பின் சீட்டில் உட்கார்ந்து வரப்போகும்
உன் அப்பா